சொல்லச் சொல்ல

ஜனவரி 12

அன்புள்ள உங்களுக்கு,

வக்கீல் அனுப்பிய தாள்கள் நேற்று வந்தன. எல்லாம் அந்த நாட்டு மொழியில் இருந்ததால் கடைவீதியில் மொழிபெயர்ப்புக் கடை வைத்திருப்பவரிடம் கொடுத்துத் தமிழில் எழுதி வாங்கினேன். கடை வாசலில் நின்றபடியே படித்தேன். முடித்த பிறகு வீடு எந்தப் பக்கம் என்றே எனக்குத் தெரியவில்லை.

நீங்கள் நீதிமன்றத்தில் சொன்னதாக ஒரு வரி இருக்கிறது. “மேஸ்திரி திரும்பத் திரும்பத் தடுத்தும் கேட்காமல் நான் சுமையை இறக்கினேன்.” இதை நீங்களா சொன்னீர்கள்? துறைமுகத்தில் இத்தனை வருஷம் கிரேன் ஓட்டி ஒரு மூட்டையைக்கூட நழுவவிடாதவர், கீழே ஆள் நிற்கும்போது, அதுவும் என் அண்ணனே மேஸ்திரியாக நின்று தடுக்கும்போது, அதைக் கேட்காமல் இரும்புக் குழாய்க் கட்டை இறக்கினீர்களா? கீழே நின்று கொடி காட்டும் கொடி அண்ணன் உங்களோடு ஒரே அறையில் தங்கியிருந்தவர். உங்களுக்குக் காய்ச்சல் வந்தபோது கஞ்சி வைத்துக் கொடுத்தவர். அவர் மேலா இறக்கினீர்கள்?

கவனக்குறைவு என்றால் கொஞ்ச காலத்தில் வெளியே வந்துவிடலாம், தடுத்தும் செய்தது என்றால் கொலைக்குப் பக்கத்தில் கொண்டுபோய் வைப்பார்கள் என்று வக்கீல் எழுதியிருக்கிறார். தீர்ப்பு ஏப்ரலில் வந்துவிடுமாம்.

நீங்கள் வாயால் என்ன சொன்னீர்களோ அதை அப்படியே எழுதுங்கள். ஓர் எழுத்து மாறக்கூடாது. மாதத்துக்கு ஒரு தடவை சிறையிலிருந்து வரும் அந்தத் தொலைபேசி அழைப்பில் இதைக் கேட்க என்னால் முடியாது. உங்கள் குரலைக் கேட்டதும் எனக்கு எல்லாம் மறந்துபோகிறது.

உங்கள்,
நான்தான்


ஜனவரி 25

கண்ணாடிக்காரிக்கு,

உன் கடிதம் வந்தது. நம் எழுத்தைப் படிக்க இங்கே ஆள் இல்லை. புரட்டிப் பார்த்துவிட்டு முத்திரை குத்திக் கொடுத்துவிடுகிறார்கள். அதனால் பயப்படாமல் எழுது.

அறையில் நாங்கள் ஆறு பேர். ஜன்னல் உயரத்தில் இருப்பதால் வானம் மட்டும்தான் தெரியும். எனக்கு அது பழக்கம்தான். கிரேன் கேபினிலும் பாதி நேரம் வானத்தைத்தானே பார்த்துக்கொண்டிருந்தேன்.

நீ கேட்டதற்குப் பதில். அந்தப் பெண், அதாவது மொழிபெயர்ப்பாளர், “என்ன நடந்துச்சுன்னு சொல்லுங்க” என்றார். நல்ல பெண். இங்கேயே பிறந்து வளர்ந்தவர். நான் சொன்னது இவ்வளவுதான்: “மேஸ்திரி சொல்லச் சொல்ல இறக்கினேன்.” நீதிபதி ஏதோ கேட்டார். “எத்தனை தடவை சொன்னாரு?” என்று அந்தப் பெண் என்னிடம் கேட்டார். நாலைந்து தடவை என்றேன். நீதிபதி எழுதிக்கொண்டார்.

அவ்வளவுதான் நடந்தது. இதைப் போட்டுக் குழப்பிக்கொள்ளாதே. நடந்தது நடந்துவிட்டது. நீ வேளைக்குச் சாப்பிடு. அச்சகத்தில் பார்த்து வேலை செய். உன் கண்ணாடிக்கு நம்பர் மாற்ற வேண்டும் என்றாயே, மாற்றினாயா?

நான்


பிப்ரவரி 4

அன்புள்ள உங்களுக்கு,

நான் கண்ணாடி மாற்றினேனா என்பதா இப்போது கேள்வி? உங்களை மாட்டிவிட்டது எது என்று நான் கண்டுபிடித்துவிட்டேன்!

நான் நாள் முழுக்க என்ன வேலை செய்கிறேன்? மருந்துப் பெட்டிக்குள் மடித்து வைக்கும் தாளில் பிழை திருத்துகிறேன். ‘உணவு உண்ணும்போது’ என்பது ‘உண்டவுடன்’ என்று மாறிப்போனால் முதலாளி எங்களைக் கூப்பிட்டு வைத்துக் கத்துவார். ‘உணவோடு’ வேறு, ‘உண்டபின்’ வேறு. இந்தச் சின்னச் சின்னச் சொற்களை வைத்துத்தான் என் பிழைப்பே ஓடுகிறது.

நீங்கள் சொன்ன ‘சொல்லச் சொல்ல’ இரண்டு விதமாகப் போகும். ‘குழந்தை வளர வளர மருந்தின் அளவைக் கூட்டவும்’ என்று எங்கள் தாளில் வருகிறது. அங்கே இரண்டும் ஒன்றோடொன்று சேர்ந்து நடக்கின்றன. ‘அம்மா கூப்பிடக் கூப்பிட அவன் ஓடிவிட்டான்’ என்றாலும் இரண்டும் ஒரே நேரத்தில் நடப்பவைதான். ஆனால் அங்கே ஒன்றை மீறி மற்றது நடக்கிறது. நீங்கள் முதல் மாதிரி சொன்னீர்கள். அந்தப் பெண் இரண்டாவது மாதிரி எடுத்துக்கொண்டார். அதற்கு மேல் நீங்கள் நாலைந்து தடவை என்று வேறு சொல்லி, அந்தத் தப்புக்கு ஒரு பூட்டையும் உங்கள் கையாலேயே போட்டுக் கொடுத்துவிட்டீர்கள்.

மேஸ்திரி இறக்கு இறக்கு என்று சொன்னார், அவர் சொன்னபடி நீங்கள் இறக்கினீர்கள். இதுதானே உண்மை? வேறு மொழிபெயர்ப்பாளர் வேண்டும் என்று வக்கீலிடம் உடனே கேளுங்கள். கடிதம் கிடைத்த அன்றைக்கே கேளுங்கள். காலில் விழுந்தாவது கேளுங்கள்.

சந்தோஷம் தாங்காமல் மாடியிலிருந்து கீழே அண்ணன் வீட்டுக்கு ஓடிப்போய் அண்ணியிடம் சொன்னேன். அண்ணி தையல் மெஷினில் துணி தைத்துக்கொண்டிருந்தார். நான் சொல்லி முடிப்பதற்குள் அவர் கால் மிதிப்பதை நிறுத்திவிட்டது. நூலைக் கடித்து அறுத்தார். பிறகு, “உனக்கு வேலைக்கு நேரமாகலையா?” என்றார். இத்தனைக்கும் அன்று ஞாயிற்றுக்கிழமை.

உங்கள்,
நான்தான்


பிப்ரவரி 17

கண்ணாடிக்காரிக்கு,

உனக்கு முன்னால் அண்ணிக்குப் புரிந்துவிட்டது. நீ ஒரு பக்கத்தை மட்டும் பார்க்கிறாய். ‘சொல்லச் சொல்ல இறக்கினேன்’ என்பது சரி. சொன்னது யார்?

சுமை இறங்கும்போது கீழே ஆள் இருந்தால் இறக்கச் சொல்லக்கூடாது. சொன்னால் சொன்னவன் மேல்தான் வழக்கு. இங்கே சட்டம் அப்படி. நான் வெளியே போகிற கதவு வழியாக உன் அண்ணன் உள்ளே வருவார்.

அந்தப் பெண் தப்பாகச் சொல்லிவிட்டார் என்பது அன்றைக்கே எனக்குத் தெரியும். இத்தனை வருஷத்தில் இவர்கள் மொழியில் நாலு சொல் கற்றிருக்க மாட்டேனா? ‘தடுத்தார்’ என்பதற்கு அவர்கள் சொல்லும் சொல் எனக்குத் தெரியும். அது காதில் விழுந்ததும் திரும்பிப் பார்த்தேன். பின்வரிசையில் மச்சான் உட்கார்ந்திருந்தார். அவருக்கும் அந்தச் சொல் தெரியும். எழுந்து ‘இல்லை’ என்று சொல்வார் என்று பார்த்தேன். அவர் குனிந்து செருப்பைப் பார்த்துக்கொண்டிருந்தார். நானும் வாயை மூடிக்கொண்டேன்.

மச்சானுக்கு இரண்டு பெண் பிள்ளைகள். நமக்கு யாரும் இல்லை. கப்பல் துறையில் மூட்டை தூக்கிக்கொண்டிருந்தவனைக் கிரேனில் ஏற்றி உட்காரவைத்தவர் அவர். உன்னைக் கட்டிக்கொடுத்தவரும் அவர்தான். நீ ஒருத்தி நாலு பேர் சாப்பாட்டைத் தட்டிவிடாதே. இதை இத்தோடு விடு.

நான்


பிப்ரவரி 26

உங்களுக்கு,

அன்புள்ள என்று எழுதக் கை வரவில்லை.

‘நமக்கு யாரும் இல்லை’ என்று எவ்வளவு சுலபமாக எழுதிவிட்டீர்கள். அப்படியானால் நான் யார்? பிள்ளை இல்லாதவர்கள் ஆளுக்கொரு பக்கம் கிடந்து சாகலாம் என்று எந்தச் சட்டத்தில் இருக்கிறது? என்னிடம் ஒரு வார்த்தை கேட்காமல் என் ஆயுளை எடுத்து என் அண்ணனுக்குக் கொடுத்திருக்கிறீர்கள். கொடுத்ததற்கு நான் நன்றி சொல்ல வேண்டுமா?

உங்களுக்குத் தெரியாத ஒன்று எனக்குத் தெரியும். அது நடந்த அன்று சாயங்காலம், போலீஸ் உங்களைக் கூட்டிக்கொண்டு போன கொஞ்ச நேரத்தில், அண்ணன் எனக்குத் தொலைபேசியில் பேசினார். அழுதுகொண்டே பேசியதில் பாதி புரியவில்லை. ஆனால் இது புரிந்தது: “நான் இறக்கு இறக்குன்னு சொல்லிக்கிட்டே இருந்தேம்மா. அடுத்த லாரி காத்துக்கிட்டு இருந்துச்சு. நான் கீழே பாக்கவே இல்லை.” அப்போது அது எனக்கு வெறும் அழுகையாகத்தான் கேட்டது. பயம் வந்து வாயை அடைப்பதற்கு முன்னால் வந்த உண்மை என்று இப்போது தெரிகிறது.

போன வாரம் அவரைக் கூப்பிட்டுக் கேட்டேன். “அப்படி நான் சொல்லவே இல்லியே” என்றார். பிறகு, “உனக்கு எங்கேயோ தப்பாக் கேட்டிருக்கு, பாப்பா” என்றார். பிழை கண்டுபிடிப்பதே என் வேலை என்று தெரிந்தவர், எனக்குத் தப்பாகக் கேட்டது என்கிறார். நான் தொலைபேசியை வைக்கவில்லை. அவரும் வைக்கவில்லை.

நான் இங்கே குளியலறையில் குழாயைத் திறந்துவிட்டு அழுகிறேன், அண்ணிக்குக் கேட்கக்கூடாது என்று. கீழே அவரும் குழாயைத் திறந்துவிட்டு அழுகிறார். இரண்டு குழாயும் திறந்திருந்தால் தண்ணீர் வருவதில்லை. அதனால் ஒருத்தி அழுகிறாள் என்று இன்னொருத்திக்குத் தெரிந்துவிடுகிறது.

அச்சகத்தில் என் கையால் ஒரு பிழை தப்பிப் போய்விட்டது. கட்டுக் கட்டாக அச்சடித்த தாளைத் தூக்கிப் போட்டார்கள். நாலு நாள் வீட்டில் இரு என்று முதலாளி சொல்லிவிட்டார்.

நான் நீதிமன்றத்துக்கு எழுதப் போகிறேன்.


மார்ச் 9

கண்ணாடிக்காரிக்கு,

எழுதாதே. நீ எழுதினால் அது பொய் என்று நான் சொல்வேன். நீதிபதி முன்னால் என் பெண்டாட்டிக்குப் புத்தி கலங்கிவிட்டது என்று சொல்வேன். சொல்லமாட்டேன் என்று நினைக்காதே.

இன்னொன்று இருக்கிறது. அதையும் கேட்டுக்கொள். உனக்குத் தெரிந்தால் நீ என்னைக் காப்பாற்ற இவ்வளவு அலைய மாட்டாய்.

நான் சிவப்புக் கொடியைப் பார்த்தேன்.

கட்டின் ஒரு முனை நழுவுவதைக் கொடி அண்ணன் பார்த்துவிட்டார். நிறுத்தச் சொல்லிக் கொடியை ஆட்டிக்கொண்டே பின்னால் நகர்ந்தார். பின்னால் லாரி நின்றதால் அவருக்குப் போக இடம் இல்லை. என் காதில் வாக்கி டாக்கியில் மச்சான், “இறக்கு, இறக்கு, என்ன பாத்துக்கிட்டு இருக்கே” என்கிறார். கண் ஒன்று சொல்கிறது, காது ஒன்று சொல்கிறது. இரண்டும் ஒரே நேரத்தில் வந்தன. முன்னால் இது, பின்னால் அது என்று பிரித்துச் சொல்ல எனக்கு வழி இல்லை. கொடிக்கு மேல் குரல் கிடையாது என்பது முதல் நாளே சொல்லிக்கொடுக்கும் பாடம். கை காது சொன்னதைக் கேட்டுவிட்டது.

கொடி அண்ணன் என்னை அண்ணாந்து பார்த்தார். கூச்சல் போடவில்லை. ‘என்னடா’ என்று கேட்பதுபோல் இருந்தது அவர் முகம்.

ஆகவே எந்த மாதிரி மொழிபெயர்த்தாலும் எனக்குச் சரிதான். என்னை விடு.


மார்ச் 18

அன்புள்ள உங்களுக்கு,

உங்கள் கடிதத்தை நான் எத்தனை தடவை படித்தேன் என்று எண்ணவில்லை. இனி இதை நான் படிக்க வேண்டியதில்லை. கண்ணை மூடினால் எழுத்து எழுத்தாகத் தெரிகிறது.

கொடியைப் பார்த்தீர்கள். அதற்கு உங்களுக்குத் தண்டனை உண்டு. அதை நீங்கள் அனுபவியுங்கள், நான் குறுக்கே நிற்கவில்லை. கொடி அண்ணனின் மனைவிக்கு முன்னால் நிற்க எனக்கும் முகம் இல்லை. ஆனால் நீங்கள் செய்ததற்கு அனுபவிப்பது வேறு, அண்ணன் செய்ததையும் சேர்த்து அனுபவிப்பது வேறு. இரண்டு பேர் ஒரே நேரத்தில் செய்த தப்பை ஒருத்தர் தலையில் கட்டிவிட்டு அதற்குப் பாசம் என்று பெயர் வைக்காதீர்கள். அந்த அம்மாவுக்குத் தன் புருஷன் எப்படிச் செத்தார் என்று தெரிய வேண்டாமா? எவனோ வெறிபிடித்தவன் தடுக்கத் தடுக்கத் தன் புருஷன் மேல் இரும்பை இறக்கினான் என்றல்லவா அவர் நினைத்துக்கொண்டிருக்கிறார்?

நான் எழுதி அனுப்பிவிட்டேன். உங்கள் சொல்லுக்கு இருக்கும் இரண்டு அர்த்தத்தையும் எழுதினேன். அன்று அண்ணன் தொலைபேசியில் சொன்னதையும் எழுதிக் கையெழுத்துப் போட்டேன். கொடியைப் பற்றி எழுதவில்லை. அது உங்கள் வாயிலிருந்துதான் வர வேண்டும்.

அனுப்புவதற்கு முன்னால் கீழே போய் அண்ணியிடம் சொன்னேன். மறைத்துச் செய்ய மனசு வரவில்லை. அண்ணி பிள்ளைகளின் பள்ளிக்கூடச் சீருடைக்குப் பொத்தான் வைத்துக்கொண்டிருந்தார். நிமிராமலேயே சொன்னார்: “உனக்கு உன் புருஷன் வேணும். எனக்கு என் புருஷன் வேணும். அதுல ஒண்ணும் தப்பில்ல. ஆனா நீ பிடிச்சுத் தள்றது உன்கூடப் பொறந்தவரை.” அவர் எழுந்து உள்ளே போய்க் கதவைத் தாழ் போட்டுக்கொண்டார். மாடிக்கும் கீழுக்கும் நடுவில் இருக்கும் அந்தக் கதவை இதுவரை யாரும் தாழ் போட்டதே இல்லை.

அண்ணனுக்கும் தொலைபேசியில் சொன்னேன். “சரி” என்றார்.

எனக்குப் புத்தி கலங்கிவிட்டது என்று சொல்வீர்களோ, சொல்லுங்கள். அது அவ்வளவு பெரிய பொய்யாகவும் இருக்காது.

உங்கள்,
நான்தான்


ஏப்ரல் 15

கண்ணாடிக்காரிக்கு,

முடிந்துவிட்டது. நடந்தபடியே எழுதுகிறேன்.

வேறொரு மொழிபெயர்ப்பாளரை வரவழைத்திருந்தார்கள். வயதானவர். பழைய பெண்ணும் வந்திருந்தார். உன் கடிதத்தை அவர்கள் மொழியில் வாசித்தபோது அவருக்கு முகம் சிவந்துவிட்டது. வாசித்து முடித்ததும் அவரே எழுந்தார். தன் வீட்டில் அந்தச் சொல்லைத் தன் அம்மா ஒருவர் சொல்லித்தான் கேட்டிருக்கிறாராம். ‘நான் சொல்லச் சொல்ல கேக்காம வெளியே போறியே’ என்று திட்டுவதற்கு மட்டும்தான் அம்மா அதைச் சொல்வாராம். அதற்கு வேறு அர்த்தம் உண்டென்று தனக்குத் தெரியாது என்றார். நீதிபதி அவரை உட்காரச் சொன்னார். எனக்கு அந்தப் பெண் மேல் கோபமே வரவில்லை.

பிறகு என்னை எழுப்பி, நீ சொன்னதற்கு எது அர்த்தம் என்று கேட்டார்கள். மச்சான் அதே பின்வரிசையில்தான் இருந்தார். உன் கடிதம் பொய் என்று சொல்வதற்காகத்தான் நான் அன்று போனேன். முதல் நாள் பூராவும் அறையில் அதைச் சொல்லிப் பார்த்துக்கொண்டே இருந்தேன்.

ஆனால் முன்வரிசையில் கொடி அண்ணனின் மனைவி உட்கார்ந்திருந்தார். அவரை எதற்கு ஊரிலிருந்து கூட்டி வந்தார்கள் என்று தெரியவில்லை. மடியில் ஒரு பையை வைத்து இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டிருந்தார். கொடி அண்ணனின் பை அது.

நான் சொன்னேன்: “மேஸ்திரி இறக்குன்னு சொல்லிக்கிட்டே இருந்தாரு. அதே நேரத்துல அண்ணன் நிறுத்துன்னு கொடி காட்டிக்கிட்டே இருந்தாரு. நான் ரெண்டையும் பாத்தேன், கேட்டேன். ரெண்டும் ஒண்ணாத்தான் வந்துச்சு. நான் இறக்கிட்டேன்.” பெரியவர் ஒவ்வொன்றாக நிறுத்தி நிறுத்திச் சொன்னார். இந்தத் தடவை எல்லாம் சரியாகப் போய்ச் சேர்ந்தது என்று எனக்கே தெரிந்தது.

மச்சானைக் கேட்டார்கள். அவர் எழுந்தார். “என் தங்கச்சி எழுதினது நெசம்” என்றார். சொல்லிவிட்டு உட்கார்ந்துவிட்டார்.

பெரிய குற்றச்சாட்டை எடுத்துவிட்டார்கள். கொடியை மீறியதற்கு எனக்குத் தண்டனை உண்டு. உள்ளே இருந்த காலத்தைக் கழித்தால் அடுத்த குளிர்காலத்துக்குள் வந்துவிடலாம் என்கிறார் வக்கீல். மச்சானை அங்கிருந்தே கூட்டிக்கொண்டு போனார்கள். வழக்கு இனிமேல்தான். என்னைவிட அவருக்குக் கூடுதலாகத்தான் வரும் போலிருக்கிறது.

கொடி அண்ணனின் மனைவி போகும்போது என் பக்கம் வந்து நின்றார். ஏதாவது சொல்வார் என்று தலையைக் குனிந்துகொண்டேன். அவர் பையை மாற்றிப் பிடித்துக்கொண்டு வெளியே போய்விட்டார்.

மச்சானை இதே கட்டடத்தில்தான் வைத்திருக்கிறார்கள், வேறு மாடியில். நேற்றுச் சாப்பாட்டு வரிசையில் பார்த்தேன். எனக்கு ஓடி ஒளிய வேண்டும் போலிருந்தது. அவர் தட்டோடு என் பக்கம் நகர்ந்து வந்தார். என்னைப் பார்க்காமல் தட்டைப் பார்த்தே கேட்டார்: “பாப்பா எப்படி இருக்கா?”

தெரியவில்லை என்றேன்.

நீ எப்படி இருக்கிறாய்?

நான்


ஏப்ரல் 27

அன்புள்ள உங்களுக்கு,

உங்கள் கடிதத்தைப் பிரித்தேன். நீங்கள் வருகிறீர்கள் என்ற வரியும் அண்ணனைக் கூட்டிப்போனார்கள் என்ற வரியும் ஒரே பக்கத்தில், ஒன்றன் கீழ் ஒன்றாக இருந்தன. ஒன்றைப் படிக்கும்போது மற்றது கண்ணில் பட்டுக்கொண்டே இருந்தது. நான் ஒன்றை மறைத்து ஒன்றைப் படிக்கப் பார்த்தேன். முடியவில்லை.

அச்சகத்துக்கு மறுபடி போய்வருகிறேன். வேலை நடக்கிறது. நான் வீட்டுக்கு வந்தால் பிள்ளைகள் இரண்டும் வழக்கம்போல மாடிப்படி வரைக்கும் ஓடி வருகின்றன. பாதிப் படியில் யாரோ சொல்லிக்கொடுத்தது ஞாபகம் வந்து திரும்பிப் போய்விடுகின்றன. அண்ணி பேசுவதில்லை. பேச வேண்டும் என்று நானும் எதிர்பார்க்கவில்லை.

நேற்று அவரே மேலே வந்தார். உள்ளே வரவில்லை. வாசலில் நின்று ஒரு உறையை நீட்டினார். “அவருக்கு எழுதியிருக்கேன். அந்த ஊர் எழுத்துல விலாசம் எழுத எனக்கு வராது. எழுதிக் குடு.” வாங்கி மேசையில் வைத்து எழுதினேன். உங்களுக்கு எழுதும் விலாசம்தான். அதே தெரு, அதே கட்டடம், எண் மட்டும் வேறு. அண்ணன் பெயரை எழுதும் இடத்தில் கை நின்றுவிட்டது. அண்ணி பார்த்துக்கொண்டே இருந்தார். “கோணலா எழுதாதே. போய்ச் சேரணும்” என்றார்.

கோணல் இல்லாமல் எழுதிக் கொடுத்தேன். வாங்கிக்கொண்டு இறங்கிப் போய்விட்டார். கதவைத் தாழ் போடும் சத்தம் கேட்கிறதா என்று நின்று கேட்டேன். கேட்டது.

நீங்கள் சீக்கிரம் வந்துவிடுங்கள். இந்த வீட்டில் நாம் இருக்க முடியுமா என்று எனக்குத் தெரியவில்லை. எங்கே போவது என்றும் தெரியவில்லை. நான் செய்தது சரி என்று காலையில் தோன்றுகிறது. பல் விளக்கி முடிப்பதற்குள் அது போய்விடுகிறது.

வரிசையில் அண்ணனை மறுபடி பார்ப்பீர்கள். பாப்பா எப்படி இருக்கிறாள் என்று அவர் கேட்டால், நன்றாக இருக்கிறாள் என்று மட்டும் சொல்லிவிடாதீர்கள்.

உங்கள்,
நான்தான்